கொடிகாமத்துப் பச்சை வாளிகள்

கொடிகாமம் சந்தையில் உதயகலா சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு பேச்சு இருந்தது. தெற்கு வாசலோடு இருந்த கடையில் அவள் கத்தரியும் பூசணியும் வாழைப்பொத்தியும் விற்றாள். வாடிய பயற்றங்காயை வாடியது என்று சொல்லியே விற்பாள். பக்கத்துக் கடைகளில் நிறை பற்றித் தகராறு வந்தால் அவளுடைய தராசில் போட்டுப் பார்க்கும்படி கொண்டுவருவார்கள். அவளுக்கு நாற்பது வயதுக்கு மேல். கணவர் யாழ்ப்பாணத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே பேருந்து ஓட்டினார். ஒரே மகள் ஆரபி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

அவளைவிட இரண்டு வயது இளைய தம்பி கிருஷாந். கட்டாரில் ஒரு கழிவு சுத்திகரிப்பு நிலையத்தில் பல வருடம் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தவன். வந்த புதிதில் அக்காவின் கடையில் வந்து இருப்பான். சந்தை முடிந்ததும் கோவா இலை, வாழைத்தண்டு, அழுகிய தக்காளி, பொலித்தீன் எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளி ஏற்றிப்போவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அதையெல்லாம் கடல்நீரேரிக் கரையில் உள்ள தரவையில்தான் கொட்டினார்கள். மாடு மேயும் அந்த உப்புவெளியில் ஒரு குப்பை மேடு வருடா வருடம் உயர்ந்துகொண்டு வந்தது.

ஒருநாள் கிருஷாந் அவளுக்கு விளங்கப்படுத்தினான். காற்றுப் படாமல் அடியில் கிடந்து அழுகும் மரக்கறியில் இருந்து மீத்தேன் என்ற வாயு வருகிறது. அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். அதே மரக்கறியை மூடிய தொட்டியான தாங்கி ஒன்றுக்குள் மாட்டுச்சாணத்தோடு கரைத்து விட்டால், அதே வாயுவைப் பிடித்து அடுப்பு எரிக்கலாம். மிஞ்சும் கரைசல் தோட்டத்துக்கு நல்ல பசளை.

உதயகலாவுக்கு இதில் நம்பமுடியாதது எதுவும் இருக்கவில்லை. கச்சாய் வீதியில் இருந்த அவளுடைய சீதனக் காணிக் கிணறு கோடைக்குக் கோடை உவராகிக்கொண்டு வந்தது. மழை தவறிப் பெய்து வெங்காயம் பாத்தியிலேயே அழுகிப்போன கதையை ஒவ்வொரு போகத்திலும் தோட்டக்காரர் யாராவது சொன்னார்கள். உலகத்துக்கு நடப்பது தன் கடை வாசலுக்கும் வந்திருப்பதை அவள் அறிவாள். அதற்கு இங்கிருந்தே செய்யக்கூடியது ஒன்று உண்டு என்று தம்பி சொன்னதுதான் அவளுக்குப் புதிது. அவள் அந்தச் சீதனக் காணியைத் தாங்கி கட்டுவதற்குக் கொடுத்தாள். வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று மற்றதற்கெல்லாம் பொறுப்பெடுத்தது.

தாங்கி கட்டுவது சுலபம், சனத்தை மாற்றுவதுதான் கஷ்டம் என்று கிருஷாந் சொன்னான். அந்த வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். கடைக்குக் கடை ஒரு பச்சை வாளி. அதற்குள் மரக்கறியும் பழமும் இலையும் மட்டும். பொலித்தீன், இறப்பர், கயிறு எதுவும் போகக்கூடாது. அவள் ஒவ்வொரு கடையாக நின்று கதைத்தாள். சந்தைச் சங்கத் தலைவரும் மொத்த வாழைக்குலை வியாபாரியுமான கனகலிங்கம் முதலில் சிரித்தார். பெரிய தண்டுகள் தாங்கியை அடைக்கும் என்று அவள் சொன்ன பிறகு, தன்னுடைய ஆட்களைக் கொண்டு தண்டுகளைத் துண்டு துண்டாக வெட்டிப் போடுவித்தார். கீரை விற்கும் சிவக்கொழுந்து அம்மாதான் கடைசிவரை மறுத்தவர். குப்பையைப் பிரித்தாலும் அது குப்பைதானே என்று கேட்டார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், கீரைக்கட்டில் இருந்த இறப்பர் வளையங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மடியில் சேர்த்துக்கொண்டிருந்தார். வாதத்தில் வீங்கிய விரல்கள். உதயகலா அதைப் பார்த்தபோது தனக்குள் ஏதோ பெரிதாக நிறைந்ததை உணர்ந்தாள்.

திறப்பு விழாவுக்கு உதவி நிறுவனத்தில் இருந்து வெள்ளைக்காரர் இருவர் வந்தார்கள். தாங்கியோடு சேர்த்துக் கட்டிய சிறிய சமையலறையில் கிருஷாந் அடுப்பைத் திருகி நெருப்புக்குச்சி வைத்தான். நீலமாக எரிந்தது. சந்தைக்காரர் கைதட்டினார்கள். அந்த நெருப்பில் கொதித்த தேநீரை உதயகலாதான் எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். கனகலிங்கம் இரண்டாம் முறை வாங்கிக் குடித்துவிட்டு, எங்கடை வாழைத்தண்டு தேத்தண்ணி போடுது என்று சொன்னார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகு பலர் பார்க்க வந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள், வேறு சந்தைகளின் சங்கக்காரர், படம்பிடிக்கிறவர்கள். வருகிறவர்களைக் கிருஷாந் முதலில் சந்தைக்குத்தான் கூட்டிவருவான். பச்சை வாளிகளைக் காட்டுவான். பிறகு அக்காவைக் கதைக்கச் சொல்வான். அவள் ஒழுங்காகப் பேசத் தெரிந்தவள் அல்ல. ஆனாலும் கேட்கிறவர்கள் நம்பினார்கள். தாங்கியடிக்கு அவள் எப்போதாவதுதான் போனாள். சந்தை விடியமுன் தொடங்கும் வேலை. போகும்போதெல்லாம் அடுப்பு எரிந்தது. தம்பியிடம் எதையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதேயில்லை.

பிறகு நாட்டில் எதுவுமே இல்லாமற்போன அந்த வருடம் வந்தது. பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, சமையல் காஸ் இல்லை. சாவகச்சேரியில் வெறும் சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்து வரிசையில் விட்டுவிட்டு வெயிலில் காத்திருந்தார்கள். சந்தையில் வியாபாரம் படுத்தது. ஆனால் குப்பை நிற்கவில்லை. பச்சை வாளிகள் வழமைபோல நிறைந்தன. சந்தைக் குப்பை ஏற்றும் சிமியோன், லான்ட்மாஸ்ரர் என்ற தன் சிறிய உழவு இயந்திரத்தின் பெட்டியில் அவற்றை ஏற்றிக்கொண்டு போனான்.

சிவக்கொழுந்து அம்மாவின் பேத்தி பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்திருந்தாள். மழையில் விறகு நனைந்து புகைந்தது. பச்சைப்பிள்ளைக்காரிக்குச் சுடுதண்ணீர் வைக்கக்கூட வழியில்லை என்று அவர் யாரிடமோ சொன்னது உதயகலாவின் காதில் விழுந்தது. அவள் எழுந்து வந்து எல்லாருக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள்.

“அம்மா, நாளைக்கு கச்சாய் ரோட்டுக்கு வாங்கோ. உங்கடை கீரையிலை எரியிற அடுப்பெல்லோ அது. ஊரிலை ஒருத்தரிட்டையும் காஸ் இல்லாத நேரம் எங்களிட்டை இருக்கு. ஆருக்கு அவசரமோ அவை முறையாய் வந்து சமைக்கலாம்.”

சந்தையில் பலருடைய முகம் மலர்ந்ததை அவள் கண்டாள். இப்படி ஒரு நாளுக்காகத்தான் இதையெல்லாம் செய்தோம் என்று நினைத்தாள். இரவு கிருஷாந்துக்குத் தொலைபேசி எடுத்தாள், அவன் எடுக்கவில்லை. காலையில் கடையைப் பக்கத்துக்காரியிடம் விட்டுவிட்டு, சிவக்கொழுந்து அம்மாவையும் அவருடைய பானையையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். ஓட்டோக்காரனுக்குக் கடைசிப் பெற்றோல். அவன் அதையும் தாங்கியடி என்றபடியால்தான் தந்தான்.

சமையலறைக் கதவு கம்பியால் கட்டியிருந்தது. அவள் அவிழ்த்தாள். அடுப்பைத் திருகி நெருப்புக்குச்சி வைத்தாள். எரியவில்லை. மற்ற அடுப்பையும் திருகினாள். இரைச்சல்கூட வரவில்லை. குழாய் எங்கேயோ அடைத்திருக்கும் என்று நினைத்துப் பின்பக்கம் போனாள்.

தாங்கியின் உச்சியில் இருந்து மஞ்சள் வர்ணம் பூசிய குழாய் சுவர்வரை வந்திருந்தது. சுவரடியில் அதன் வாயை மூடி போட்டு இறுக்கியிருந்தார்கள். மூடியில் துருப் பிடித்திருந்தது. அடுப்பில் இருந்து வந்த இறப்பர் குழாயோ வேறு பக்கமாக, சுவரில் இருந்த ஓட்டையால் சாமான் அறைக்குள் போனது. அவள் அந்த அறைக்குள் போய்ச் சாக்கை விலக்கினாள். ஒரு காஸ் சிலிண்டர் நின்றது. அசைத்துப் பார்த்தாள். வெறுமையாக இருந்தது.

வாசலில் பானையோடு நின்ற சிவக்கொழுந்து அம்மா எட்டிப் பார்த்தார்.

“பிள்ளை, இது கடையிலை வாங்கிற காஸ் எல்லோ?”

உதயகலா சிலிண்டரை விட்டுவிட்டு வெளியே வந்தாள். தாங்கிக்குக் கழிவு ஊற்றும் வாய்த்தொட்டியைப் போய்ப் பார்த்தாள். அது காய்ந்து வெடித்திருந்தது. வெடிப்பில் புல் முளைத்திருந்தது. நேற்றும் சந்தையில் இருந்து வாளி வாளியாகப் போனதை அவள் தன் கண்ணால் பார்த்தவள்.

சிவக்கொழுந்து அம்மா பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீதிக்கு நடந்தார். நில்லுங்கோ அம்மா என்று உதயகலா கூப்பிட்டதற்குத் திரும்பவுமில்லை.

அன்று பின்னேரம் சந்தையடியில் சிமியோனைக் கண்டு, ஏற்றுகிற குப்பையை எங்கே கொண்டுபோகிறாய் என்று கேட்டாள். அவன் முதலில் அவளை வியப்போடு பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். தரவைக்குத்தான் என்றான். எவ்வளவு காலமாக என்று கேட்டாள். தொடக்கத்தில் ஒரு கொஞ்சக் காலம் தாங்கிக்குப் போட்டதாகவும், அதற்குப் பிறகு எல்லாம் தரவைக்குத்தான் என்றும் சொன்னான்.

“நீ ஏன் என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லேல்லை, சிமியோன்?”

“அக்கா, உங்களுக்குத் தெரியுமெண்டுதானே கிருஷாந் அண்ணை சொன்னவர். அக்கா சொல்லித்தான் செய்யிறது, சந்தையிலை கதைக்கவேண்டாம் எண்டு.”

அவனுடைய லான்ட்மாஸ்ரரிலேயே ஏறிப் போய்ப் பார்த்தாள். மேடு முன்பைவிட உயர்ந்திருந்தது. பிரித்துக் கொடுத்ததையும் பிரிக்காததையும் ஒரே இடத்தில் கொட்டியிருந்தார்கள். துண்டு துண்டாக வெட்டிய வாழைத்தண்டுகள் பொலித்தீனோடு புரண்டு கிடந்தன. வெட்டியிருந்த அளவைப் பார்த்தே அவை கனகலிங்கத்தின் கடைத் தண்டுகள் என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரு மாடு கீரைத்தண்டை இழுத்துத் தின்றுகொண்டு நின்றது. ஒரு பக்கத்தில் புகைந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. சந்தைக்குள் இத்தனை பேர் முன்னால் தான் நின்ற ஒவ்வொரு தடவையும் நினைவுக்கு வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொன்னது. வெள்ளைக்காரருக்குச் சொன்னது. தான் சொன்னதெல்லாம் பொய், அது பொய் என்று தனக்குத்தான் தெரியாமல் இருந்தது.

வெயில் தாழக் கிருஷாந் வந்தான். அவள் திரும்பவும் தாங்கியடிக்கு வந்து இருந்தாள். சாமான் அறைக் கதவு திறந்து கிடந்ததைக் கண்டதும் அவன் மோட்டார் சைக்கிளை வாசலிலேயே நிறுத்தினான். பிறகு வந்து அவளுக்கு எதிரே நிலத்தில் குந்தினான்.

ஒளிக்காமல் சொன்னான். தொடங்கி இரண்டாம் மாதமே தாங்கி புளித்துவிட்டது. அந்த நாட்களில் தக்காளியும் அன்னாசியும் விலைப்படாமல் மலையாகக் கழிந்தன. தாங்கி தாங்கக்கூடிய அளவைவிட அதிகமாக அவற்றைப் போட்டுவிட்டான். உள்ளே வாயுவை உண்டாக்கும் கிருமிகள் செத்துப்போயின. போடுவதை நிற்பாட்டி, சுண்ணாம்பும் சாணமும் கரைத்து விட்டு, பொறுமையாக இருந்திருந்தால் திரும்ப வந்திருக்கும். அதற்கிடையில் திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாயிற்று. நிறுவனத்துக்காரர் வெளிநாட்டில் இருந்து விமானம் ஏறிவிட்டார்கள்.

“திறப்பு விழா அண்டைக்கு எரிஞ்சது?” என்று கேட்டாள்.

அவன் நிலத்தைப் பார்த்தான். “அண்டைக்கும் சிலிண்டர்தான். ஒரு நாளைக்குத்தானே எண்டு நினைச்சன், அக்கா. பிறகு அடுத்த ஆக்கள் வந்தினம். பிறகு நிற்பாட்ட ஏலாமப் போச்சு.”

“என்னட்டைச் சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருந்தா நீங்கள் அடுத்த நாளே சந்தையிலை போய்ச் சொல்லியிருப்பியள்.”

“ஓம். சொல்லியிருப்பன்.”

“அதாலைதான் சொல்லேல்லை. உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது. தெரியாமல் இருந்தாத்தான் நீங்கள் நல்லாக் கதைப்பியள்.”

அவன் அதைக் கொடூரமாகச் சொல்லவில்லை. பாராட்டுவதுபோலவே சொன்னான். அதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது. அவன் தொடர்ந்து சொன்னான்: சனத்தை மாற்றியது உண்மைதானே, வாளிகள் உண்மைதானே, வேறு சந்தைகளும் இதைப் பார்த்துத் தொடங்கியிருக்கின்றனவே, ஒரு தாங்கியை எப்போதும் திருத்தலாம், நம்பிக்கை உடைந்தால் ஒட்டமுடியாது, ஆகையால் தயவுசெய்து கொஞ்சக் காலம் பேசாமல் இருங்கோ. அவள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள்.

“சிமியோனுக்கு எனக்குத் தெரியுமெண்டு சொன்னனியோ?”

அவன் எழுந்து போய் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினான்.

அடுத்தநாள் சந்தை கூடியதும் அவள் நடுப்பகுதிக்குப் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அடுப்பு எரிந்தது கடைக் காஸில், உங்கள் குப்பை போனது தரவைக்கு, அதை நான் நேற்றுத்தான் அறிந்தேன் என்று சொன்னாள். யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது என்று பிறகு பலமுறை நினைத்தாள். கனகலிங்கம் கத்தியைத் துடைத்து வைத்தார்.

“காணி உன்ரை, தம்பி உன்ரை. உனக்குத் தெரியாதெண்டு நாங்கள் நம்பவேணும், என்ன? சரி பிள்ளை, நம்பிறம். ஆனா இனி உந்தக் கதையோடை என்ரை கடைப்பக்கம் வராதை.”

அவர் நம்பவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. ஒரு வாரத்துக்குள் வாளிகள் வேறு வேறு வேலைக்குப் போயின. ஒருவர் தண்ணீர் பிடித்து வைத்தார், ஒருவர் மீன் கழுவினார். குப்பை எல்லாம் பழையபடி ஒன்றாகப் போனது. நிறை பார்க்க இப்போது ஒருவரும் அவளுடைய தராசுக்கு வருவதில்லை. அவளோடு யாரும் சண்டை பிடிக்கவில்லை. விலை கேட்டு, வாங்கி, போய்விடுவார்கள். கிருஷாந் அந்த மாதமே கொழும்புக்குப் போய்விட்டான். சுற்றாடல் திட்டங்களுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு நிறுவனத்தில் அவனுக்கு வேலை கிடைத்தது. அங்கே அவன் காட்டிய படங்களில் அவளும் வாளியோடு நின்றாள் என்று யாரோ வந்து சொன்னார்கள்.

தாங்கியை இடித்துவிடலாம் என்று கணவர் சொன்னார். அவளும் இரண்டொரு நாள் அப்படித்தான் நினைத்தாள். பிறகு லவீனாவைத் தேடிப் போனாள். லவீனா தெல்லிப்பழைப் பக்கத்துப் பெண். தாங்கி கட்டும்போது பொறியியலாளராகக் கூட வேலை செய்து, திறப்பு விழாவுக்கு முன்பே விலகிப் போனவள். அப்போது காரணம் சொல்லவில்லை. இப்போது உதயகலாவைக் கண்டதும் அவளுக்கு முகம் கறுத்தது. சிலிண்டர் வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்துதான் விலகினேன் என்றாள். உங்களுக்கும் தெரியும் என்றே நினைத்திருந்தேன் என்றாள்.

அறிந்தவர்கள் எல்லாரும் அவளும் அறிவாள் என்றே நினைத்திருக்கிறார்கள். அவ்வளவு காலமும் தன்னைப் பார்த்து அவர்கள் மனதில் என்ன நினைத்திருப்பார்கள் என்று உதயகலாவால் யோசிக்க முடியவில்லை. ஆனாலும் அவள் வந்த விஷயத்தைக் கேட்டாள்: தாங்கியைத் திரும்ப உயிர்ப்பிக்க முடியுமா?

லவீனா வந்தாள். உள்ளே கிடந்த புளித்த சேற்றைப் பாதிக்கு மேல் இறைத்து வெளியே எடுத்தார்கள். கூலிக்கு வந்தவர்கள் மணம் தாங்காமல் ஒரு நாளோடு நின்றுவிட்டார்கள். பிறகு இரு பெண்களும் சிமியோனும் மட்டும். சிமியோன் கேளாமலே வந்தான். சுண்ணாம்பு கரைத்து விட்டார்கள். ஒழுங்கையில் உள்ள வீடுகளில் வாங்கிய சாணத்தைக் கரைத்து விட்டார்கள். பிறகு ஒன்றும் போடாமல் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்புத்தான் வேலையில் முக்கியமானது என்று லவீனா சொன்னாள். முதலில் வந்த வாயு எரியவில்லை. இரண்டாம் முறை பொசுக்கென்று அணைந்தது. அதற்குப் பிறகு ஒரு காலையில் எரிந்தது. லவீனா குழாயைத் தாங்கியில் இருந்து அடுப்புவரை கையால் தடவிக் காட்டினாள். உதயகலா தலையாட்டினாள். மகிழ்ச்சி என்று எதுவும் வரவில்லை. முன்பு ஒருமுறை இதற்காக அழுதுவிட்டாள்.

அவள் தன் கடைக் கழிவை மட்டும் போட்டாள். தக்காளியை அளவோடு போட்டாள். மாதங்கள் போனபின் பக்கத்துக் கடைக்காரி தன்னுடையதையும் கொண்டுபோகச் சொன்னாள். பிறகு இன்னும் சிலர். வருகிறவர்களை உதயகலா முதலில் தாங்கியடிக்குக் கூட்டிப்போய், குழாயைத் தொட்டுப் பார்க்க விட்டு, பிறகே வாளி கொடுத்தாள். சிவக்கொழுந்து அம்மா வரவில்லை. கனகலிங்கத்தின் வாழைத்தண்டுகள் இன்றைக்கும் தரவைக்குத்தான் போகின்றன. சந்தையின் பெரும்பகுதி இன்னும் அந்த மேட்டில்தான் கிடந்து அழுகுகிறது. ஒரு தாங்கியும் ஒரு சிறு கூட்டமும் செய்யக்கூடியது இவ்வளவுதான் என்று அவளுக்குத் தெரியும். முழுச் சந்தையும் கூட இருந்த காலம் ஒன்று உண்டு என்பதும் தெரியும்.

இந்த வருடம் தாயின் திவசத்துக்குக் கிருஷாந் வந்தான். ஐயர் போனபின் தாங்கியடிக்குப் போய்ச் சுற்றிப் பார்த்தான். அடுப்பைத் திருகி எரித்துப் பார்த்தான். குழாயைக் கண்ணால் தொடர்ந்து தாங்கிவரை போனான்.

“நல்லாச் செய்திருக்கிறியள், அக்கா,” என்றான். அடுத்த மாதம் தங்கள் நிறுவனத்துக்கு வெளியில் இருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றும், அவர்களைக் கூட்டிவந்து காட்டலாமா என்றும் கேட்டான். இந்தமுறை எல்லாம் உண்மைதானே என்று சிரித்தான்.

“கூட்டிக்கொண்டு வா. ஆனா அதுக்கு முதல் சந்தைக்குப் போவம். நான் நிண்ட இடத்திலை நீ நிண்டு, அக்காவுக்கு ஒண்டும் தெரியாது, நான்தான் எண்டு சொல்லு. கனகலிங்கம் அண்ணையும் இருப்பார், சிவக்கொழுந்து அம்மாவும் இருப்பா. அது போதும்.”

அவன் சிரிப்பை நிறுத்தினான். அது பழைய கதை என்றான். இவ்வளவு காலத்துக்குப் பிறகு யார் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள் என்றான். பிறகு நேரத்தைப் பார்த்து, கொழும்பு பஸ்சுக்கு ஆசனம் பதிந்திருப்பதாகவும் யாழ்ப்பாணம் போய் ஏறவேண்டும் என்றும் சொன்னான். சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். அடுத்தமுறை என்றான்.

வீட்டில் அவனுக்கென்று இலையில் போட்ட சோற்றையும் கறிகளையும் அவள் இன்னொரு இலையால் மூடி வைத்தாள். படலை திறக்கும் சத்தம் கேட்டபோது எழுந்து பார்த்தாள். மகள்தான் வந்தாள். மாமா சாப்பிட்டவரோ என்று ஆரபி கேட்டாள். இல்லை என்றாள். பின்னேரம்வரை அதை எடுக்கவிடாமல் வைத்திருந்தாள். அதற்குப் பிறகு பால் கறி மணம் மாறத் தொடங்கியதும், இலையோடு தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு மாட்டுக்கு வைத்தாள்.